கதவுப் பக்கமாக ஒரு நூல்

அந்த வீட்டில் சாப்பாட்டு மேசை இருந்தது, ஆனால் யாரும் அதில் சாப்பிடுவதில்லை. மேசை மேல் இன்னொரு வீடு இருந்தது. அட்டைப்பெட்டியை வெட்டிச் சுவர் வைத்து, தீக்குச்சிகளை ஒட்டிக் கதவு செய்து, உள்ளே குட்டி மேசையும் குட்டி நாற்காலிகளும் போட்ட வீடு. அதற்குள் களிமண் புருஷன் ஒருவன், களிமண் பெண்டாட்டி ஒருத்தி. நிஜப் புருஷனும் நிஜப் பெண்டாட்டியும் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, தட்டை மடியில் வைத்துக்கொண்டு, ஆளுக்கொரு நேரத்தில் தனித்தனியாகச் சாப்பிட்டார்கள்.

அவனுக்கு ரொட்டிக் கம்பெனியில் இரவு வேலை. மாவு பிசைந்து அடுப்புக்குத் தள்ளுகிற பிரிவு. அவளுக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் பகல் வேலை. அவன் திரும்பி வருகிற பஸ்ஸும் அவள் போகிற பஸ்ஸும் பாலத்தின் மேல் எதிரெதிராகக் கடக்கும். ஆரம்பத்தில் அவள் ஜன்னலோரம் இடம் பிடித்து எட்டிப் பார்ப்பாள். அவன் கண்ணாடியில் தலையைச் சாய்த்து, வாயை லேசாகத் திறந்துகொண்டு, தூங்கியபடி போய்க்கொண்டிருப்பான். புருஷனைப் பார்த்தாயிற்று என்று அவள் நேராகத் திரும்பி உட்கார்ந்துகொள்வாள். அன்றைய குடித்தனம் அத்தோடு முடிந்தது.

முன்பு இப்படி இல்லை. இருவருக்கும் வார லீவு ஒரே நாளில் வந்த காலம் ஒன்று இருந்தது. அப்போதுதான் அவன் கம்பெனி கேண்டீனில் யாரோ போனில் காட்டியதைப் பார்த்துவிட்டு, குழந்தை மாதிரி ஓடி வந்தான்.

"பொம்மையைக் கொஞ்சம் நகர்த்திட்டு ஒரு படம் எடுக்கணும். திரும்பக் கொஞ்சம் நகர்த்தி ஒரு படம். எல்லாத்தையும் சேர்த்து ஓட்டினா பொம்மை தானா நடக்குது. நம்ம வீட்டுலயே செய்யலாம். களிமண்ணும் மாவு மாதிரிதானே, என் கைக்கு வராதா என்ன?"

"கதை வேணாமா?"

"பெரிய கதை. புருஷன் வேலைலேர்ந்து வர்றான். பொண்டாட்டி வேலைலேர்ந்து வர்றா. ரெண்டு பேரும் உட்கார்ந்து சாப்பிடுறாங்க. அவ்வளவுதான்."

"பாட்டு, சண்டை ஒண்ணும் கிடையாதா?"

"முதல்ல சாப்பிடட்டும். பசியில எவன் பாடுவான்?"

கம்பியை முறுக்கி எலும்பு செய்து, அதன்மேல் களிமண்ணை அப்பிப் பொம்மைகளைச் செய்தது அவன். ஆஸ்பத்திரியில் கழித்துப்போட்ட படுக்கை விரிப்பைக் கிழித்துச் சட்டையும் பாவாடையும் தைத்தது அவள். பெண் பொம்மையின் மூக்கைப் பார்த்து, "என் மூக்கு இவ்வளவு பெரிசா?" என்று கேட்டாள். "அளவெடுத்துச் செஞ்சதும்மா, கம்பெனி பொறுப்பு" என்றான். அன்று இருவரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர்கள் சுவரைத் தட்டினார்கள்.

சட்டங்கள் எல்லாம் அவன் போட்டவைதான். ஜன்னலை அட்டையால் மூடிவிட்டு ஒரே ஒரு குண்டு பல்பில்தான் படம் எடுக்க வேண்டும். வெயில் ஏறி இறங்கினால் படம் மின்னும். திரை கீறிப்போன பழைய போனை, கவிழ்த்து வைத்த ரொட்டி டின் ஒன்றில் நாடா போட்டு ஒட்டியிருந்தான்; அதை அசைக்கவே கூடாது. ஒரு தடவைக்கு ஒரு நூல்தான் நகர்த்த வேண்டும், தச்சர்கள் அளவுகோலில் பார்க்கிற நூல். அதற்கு மேல் போனால் பொம்மை நடக்காது, குதிக்கும். ஆண் பொம்மை அவனுடையது, பெண் பொம்மை அவளுடையது. ஒருவர் பொம்மையை மற்றவர் தொடக்கூடாது. முடிகிறவரைக்கும் யாரும் ஓட்டிப் பார்க்கவும் கூடாது.

"அது ஏன்?" என்று கேட்டாள்.

"வேகும்போது அடுப்பைத் திறந்து பார்த்தா ரொட்டி அமுங்கிடும்."

பிறகு கம்பெனி அவனுடைய லீவு நாளை மாற்றியது. அவள் வீட்டில் இருக்கிற நாளில் அவன் இல்லை, அவன் இருக்கிற நாளில் அவள் இல்லை. படத்தை மட்டும் அவர்கள் விடவில்லை. அவள் காலையில் கிளம்பும்முன் தன் பொம்மையை நகர்த்திப் படம் எடுத்துவிட்டுப் போவாள். அவன் சாயங்காலம் கிளம்பும்முன் தன் பொம்மையை நகர்த்தி எடுத்துவிட்டுப் போவான். வீட்டுக்குள் வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் அவள் முதலில் பார்ப்பது அந்த மேசையைத்தான். அவன் இன்றைக்கு என்ன செய்திருக்கிறான் என்று பார்ப்பதற்கு வேறு வழி இல்லை.

அவன் என்ன செய்தான்? களிமண் புருஷன் சாப்பிட உட்காரவே இல்லை. வந்ததும் வராததுமாகச் சுவரில் ஒரு அலமாரி மாட்ட ஆரம்பித்தான். அதற்கு ஒரு சுத்தியல், துளித்துளியாக ஏறுகிற ஆணி, பிறகு இன்னொரு பலகை. களிமண் பெண்டாட்டி தட்டு வைத்தாள், தம்ளர் வைத்தாள், நாற்காலியில் உட்கார்ந்தாள், எழுந்து பக்கத்தில் நின்றாள். நாள் கணக்கில் அவன் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

சலவைக்கூடத்தில் நீராவி மெஷின் சீறி அவளுடைய மணிக்கட்டைப் பொசுக்கியது அந்தச் சமயத்தில்தான். ஆஸ்பத்திரியிலேயே கட்டுப் போட்டுவிட்டார்கள். கட்டோடு வந்தாள், கட்டோடு சமைத்தாள், கட்டோடு பொம்மையை நகர்த்தினாள். அவன் லீவு நாள் வந்தது, தூங்கினான். இன்னொரு லீவு வந்தது, அன்றும் தூங்கினான். கட்டுப் பிரித்து, தோல் உரிந்து, புதுத் தோல் வந்தபிறகு ஒரு நாள் சட்டைப் பித்தானைத் தைக்கக் கொடுக்கும்போது கையைப் பார்த்துவிட்டு, "இது எப்ப?" என்றான்.

"அது ஆச்சு."

"மருந்து போட்டியா?" என்று கேட்டு ஒரு கொட்டாவி விட்டான். கோபித்துக்கொள்ள வாயெடுத்தவள், அந்தக் கொட்டாவியைப் பார்த்து வாயை மூடிக்கொண்டாள். அடுப்பு வாயில் நின்று நின்று அவன் கண்ணெல்லாம் வெந்து சிவந்திருந்தது. அவனைத் திட்டுவதும் தூங்குகிற மாட்டை அடிப்பதும் ஒன்று என்று தோன்றியது. அவன் கெட்டவனாக இருந்திருந்தால் அவளுக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

வேறு ஊரில் இருக்கிற அக்காவுக்கு அன்று மத்தியானம் போன் செய்தாள்.

"மாடி அறை காலியாத்தான் கிடக்கு" என்றாள் அக்கா. "இங்க ஆஸ்பத்திரியிலயும் ஆள் எடுக்குறாங்க. வந்துடு. அங்க யாருக்காக இருக்க, சுவத்துக்கா?"

"வர்றேன்க்கா. அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்."

"எப்ப சொல்லுவ? அவர் முழிச்சிருக்கும்போதா, நீ முழிச்சிருக்கும்போதா?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே அழுதாள்.

மறுநாள் காலை பல்பைப் போட்டுவிட்டுப் பொம்மைக்கு எதிரே குனிந்தாள். கதைப்படி களிமண் பெண்டாட்டி தட்டைத் துடைக்க வேண்டும். அவள் அதன் காலை மெல்லப் பெயர்த்து, கதவுப் பக்கமாக ஒரு நூல் நகர்த்தி, படம் எடுத்தாள். நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது, திருடுகிறவள் மாதிரி. மறுநாளும் ஒரு நூல். அதற்கு மறுநாளும். அவன் பார்ப்பான். பார்த்து, இரு என்று சொன்னால் இருந்துவிடுவது. ஒன்றும் சொல்லாவிட்டால் பொம்மை கதவைத் தாண்டுகிற அன்றைக்குத் தானும் தாண்டிவிடுவது. இப்படி மனசுக்குள் ஒரு கணக்கு வைத்துக்கொண்டாள்.

பொம்மை நாற்காலியைத் தாண்டியது. பாயைத் தாண்டியது. கதவுக்கும் அதற்கும் நடுவே ஒரு கை நுழைகிற இடம்தான் பாக்கி. அவள் கட்டிலுக்கு அடியிலிருந்து பையை இழுத்துத் தூசி தட்டிக்கூட வைத்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் வந்து பார்த்தால், பெண் பொம்மை பழையபடி நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றது.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். தொடக்கூடாது என்று சட்டம் போட்டவனே தொட்டிருக்கிறான். பொம்மையின் காலடியில் களிமண் அழுத்தி ஒட்டியிருந்தது, இனிமேல் பெயரக்கூடாது என்பது போல. அந்தக் களிமண்ணில் அவனுடைய கட்டைவிரல் பதிந்திருந்தது. அவள் அதைத் தொட்டுப் பார்த்தாள். பார்த்துவிட்டான், பார்த்துவிட்டு வாயால் சொல்லத் தெரியாமல் கையால் சொல்லியிருக்கிறான். தூசி தட்டி வைத்திருந்த பையைத் திரும்பக் கட்டிலுக்கு அடியிலேயே தள்ளிவிட்டாள்.

"அக்கா, நான் வரல" என்றாள் போனில்.

"என்னடி, பேசிட்டாரா?"

"போகவிட மாட்டேங்கிறார்."

"வாயால சொன்னாரா?"

"கையால சொன்னார்."

"அடிச்சாரா?" என்று அக்கா பதறினாள். அவள் விளக்கிச் சொல்ல, அக்கா முழுக்கக் கேட்டுவிட்டு, "ரெண்டு பைத்தியமும் சேர்ந்து ஒரு வீட்டுல இருங்க, ஊருக்கு நல்லது" என்று போனை வைத்தாள்.

ஆனாலும் ஆசை யாரை விட்டது? இன்னொரு தடவை அவன் தடுப்பதைப் பார்க்க வேண்டும் போல் இருந்தது. மறுபடி கதவுப் பக்கமாக நூல் நூலாக நகர்த்தினாள். மறுபடி ஒரு சாயங்காலம் பொம்மை நாற்காலிக்கே திரும்பி வந்திருந்தது. பொம்மையின் முகத்தைக் கதவுப் பக்கம் திருப்பி வைத்தாள்; முகம் திரும்ப இந்தப் பக்கம் வந்தது. மாசங்கள் இப்படியே போயின. புருஷன் பெண்டாட்டி என்று ஊரில் எத்தனையோ பேர் எதிரெதிரே உட்கார்ந்து என்னென்னவோ பேசுகிறார்கள். அவளுக்கு இது போதுமாக இருந்தது.

சலவைக்கூடத்தில் ஈரவிரிப்பை உதறும்போது அவள் வாய்க்குள் ஏதோ முனகினாள். விரிப்பின் மறுமுனையைப் பிடித்திருந்த இஸ்திரியக்கா விடுவாளா? இஸ்திரி மெஷினைவிட அவள் வாய் சூடு.

"என்ன, பாட்டெல்லாம் வருது. புருஷனை மாத்திட்டியா?"

"பழைய புருஷன்தான்க்கா."

"வெளுத்துக் கட்டிட்டியா அப்போ? எங்கிட்ட ஒண்ணு இருக்கு, எந்த சோப்புக்கும் போகாத கறை. கொண்டாந்து போடட்டா மெஷின்ல?"

ஒரே ஒரு நாள் மட்டும் அவளுக்குச் சுருக்கென்றது. பொம்மையைக் கதவுக்குக் கொண்டுபோகாமல், ஆணி அடித்துக்கொண்டிருந்த களிமண் புருஷனிடம் கொண்டுபோய், அதன் கையை அவன் தோள்மேல் வைத்து அவள் படம் எடுத்திருந்தாள். சாயங்காலம் பார்த்தபோது அந்தக் கை கீழே இறங்கி உடம்போடு ஒட்டிக் கிடந்தது. வேலை செய்யும்போது தொடாதே என்கிறானா? கூச்சப்படுகிறானா? கூச்சம்தான் என்று அவளே முடிவு செய்துகொண்டாள். நம்ப நினைக்கிறவளுக்குக் காரணமா கிடைக்காது?

கம்பெனி அடுப்புக்குள் ரொட்டியை இழுத்துப்போகிற சங்கிலி அறுந்துபோனதால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு லீவு விழுந்தது. அவளுக்கும் அன்று லீவு. காய் வாங்கிக்கொண்டு அவள் திரும்பி வந்தபோது அவன் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தான். முகம் முழுக்கச் சிரிப்பு.

"முடிச்சுட்டேன். வந்து பாரு."

மேசை மேல் களிமண் புருஷன் கடைசியில் உட்கார்ந்துவிட்டிருந்தான். அவனுக்கு எதிரே களிமண் பெண்டாட்டி. இருவர் கையும் தட்டில் இருந்தன. அவளுடைய பொம்மையையும் அவனேதான் உட்கார வைத்திருந்தான்.

"நீ வர்றதுக்குள்ள முடிச்சுக் காட்டணும்னு நினைச்சேன். உன் பொம்மையைத் தொட்டுட்டேன், கோவிச்சுக்காத."

"இன்னைக்குத்தான் தொட்டீங்களா?" என்று கேட்டுச் சிரித்தாள். அவனும் சிரித்தான். அவள் முகம் கழுவி, தலை வாரி, பெட்டியிலிருந்து நல்ல துணி எடுத்து உடுத்திக்கொண்டு வந்தாள். "நம்ம வீட்டு சினிமாவுக்கு இவ்வளவு அலங்காரமா?" என்றான். கட்டிலில் பக்கம் பக்கமாக உட்கார்ந்தார்கள். அவன் தோள் அவள் தோளில் பட்டது. மத்தியான வெளிச்சத்தில் இப்படி உட்கார்ந்து எவ்வளவு காலமாயிற்று என்று அவள் நினைத்துக்கொண்டாள். அவன் டின்னிலிருந்து பிரித்தெடுத்த போனை முழங்காலில் சாய்த்து ஓட விட்டான்.

களிமண் புருஷன் வந்தான், அலமாரி மாட்டினான். பெண்டாட்டி வந்தாள், தட்டு வைத்தாள், தம்ளர் வைத்தாள். நிஜமாகவே நடந்தாள், அவள் நகர்த்திய நகர்வெல்லாம் உயிர் வந்து நடந்தது. பிறகு அவள் கதவை நோக்கிப் போனாள். மெதுவாக, ஒரு சிறு நடுக்கத்தோடு, பாயைத் தாண்டிப் போனாள். போனவள் சட்டென்று நாற்காலிக்குப் பக்கத்தில் இருந்தாள். மறுபடி போனாள், மறுபடி சட்டென்று இருந்தாள். யாரோ கண்ணுக்குத் தெரியாத ஒருவர் இடுப்பைப் பிடித்து இழுத்து இழுத்து வைப்பது போல் இருந்தது. பார்த்துக்கொண்டிருந்தவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. அவன் கையைப் பிடித்துக்கொள்ளத் தன் கையை நீட்டினாள்.

"ச்சே" என்றான் அவன். உச்சுக்கொட்டினான். "இந்த இடத்துல கெட்டுப்போச்சு பாரு."

"என்ன கெட்டுப்போச்சு?"

"பொம்மை வழுக்கியிருக்கு. அப்பவே பார்த்தேன். மேசை ஆடுது, நீயும் பெருக்கும்போது இடிச்சிருப்ப. கொஞ்சம் கொஞ்சமா கதவுப் பக்கம் சரிஞ்சுபோய் நிக்கும். நீ அவசரத்துல கவனிக்காமப் படத்தை எடுத்துட்டுப் போயிருப்ப. நான் முன்னாடி எடுத்த படத்தைப் பார்த்து, பழைய இடத்துலயே எடுத்து வச்சு, அடியில களிமண்ணும் அழுத்தினேன். அப்பவும் நிக்கல. மேசைக் காலுக்கு அட்டை மடிச்சுக்கூடக் கொடுத்தேன்."

அவள் குனிந்து பார்த்தாள். மேசையின் ஒரு காலுக்குக் கீழே அட்டை ஒன்று நாலாக மடித்துச் செருகியிருந்தது.

"வழுக்குச்சா" என்றாள்.

"வழுக்காம? கதையில அவளுக்குக் கதவுப் பக்கம் வேலையே இல்லையே."

"தோள்ல கை வச்சாளே?"

"அதுவா. கம்பி தளர்ந்து சாஞ்சிருந்துச்சு. இறக்கி விட்டேன்." அவன் போனைக் கையில் எடுத்துக்கொண்டான். "ஒண்ணும் பிரச்சனை இல்ல. இந்தப் படங்களை மட்டும் அழிச்சு எடுத்துட்டா தச்ச தையல் தெரியாது. நீயும் பாரு, இல்லேன்னா ஒண்ணு ரெண்டு விட்டுப்போகும். இதை எடுத்துடட்டுமா?"

அது அவள் முதன்முதலாகத் திருட்டு நெஞ்சோடு எடுத்த படம். நாற்காலிக்கு அந்தப் பக்கம் ஒரு நூல்.

"எடுங்க."

"இது?"

"எடுங்க."

அவன் ஒவ்வொன்றாகக் காட்டிக் காட்டி அழித்தான். பாய்க்கு முன்னால், பாயின்மேல், பாய்க்கு அப்பால். அவள் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். மாசக்கணக்கில் அவளை அந்த வீட்டில் பிடித்து வைத்திருந்ததெல்லாம் அவன் கட்டைவிரலுக்குக் கீழே காலியாகிக்கொண்டு வந்தது. வெளியே தெருவில் ஒருவன் பழைய சாமான் கேட்டுக் கூவிக்கொண்டு போனான். தோள்மேல் கை வைத்த படத்தில் மட்டும் அவன் கொஞ்சம் நின்றான்.

"இது பார்க்க நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒட்டல."

"எடுத்துடுங்க."

அவன் திரும்ப ஓட்டிக் காட்டினான். களிமண் பெண்டாட்டி வந்தாள், தட்டு வைத்தாள், நின்றாள், உட்கார்ந்தாள். எங்கேயும் போகவில்லை. "இப்பதான் படம்" என்றான் அவன், சின்னப் பிள்ளை மாதிரி. "எங்கயாவது ஒட்டு தெரியுதா, சொல்லு."

"வழுக்கலங்க" என்றாள் அவள். "நான்தான் நகர்த்தினேன்."

"நீயா? எதுக்கு?"

"போறதுக்கு."

அவனுக்கு விளங்கவில்லை. அவள் சொன்னாள். குரல் ஏறவும் இல்லை, உடையவும் இல்லை. கடையில் வாங்கிய காய்க்குக் கணக்குச் சொல்வது போல் எல்லாவற்றையும் சொன்னாள். மணிக்கட்டு வெந்தது, அக்கா வீட்டு மாடி அறை, தினம் ஒரு நூல், அவன் தடுக்கிறான் என்று தரையில் உட்கார்ந்தது, பாட்டு முனகினது. அவன் கேட்கக் கேட்க, மாவு படிந்த மாதிரி முகம் வெளுத்துக்கொண்டே வந்தது.

"வாயால சொல்லிருக்கலாமே" என்றான் கடைசியில்.

"நீங்க தடுத்தீங்கன்னு நினைச்சேனே. அதுக்கப்புறம் என்னத்தைச் சொல்ல?"

அவள் எழுந்து கட்டிலுக்கு அடியிலிருந்து பையை எடுத்தாள். நல்ல துணி உடுத்தியிருந்ததால் மாற்ற வேண்டியிருக்கவில்லை. மற்ற துணிகளை அடுக்குகிறவரைக்கும் அவன் அசையாமல் உட்கார்ந்திருந்தான். பிறகு அவன் கை பரபரவென்று போனைத் தேடியது.

"இரு. அழிச்சதைத் திரும்ப எடுக்க வழி இருக்கு. கேண்டீன்ல ஒருத்தன் செஞ்சான். நான் அதை ஒரு தடவை ஒழுங்காப் பார்க்கணும். நீ போனதை நான் பார்க்கவே இல்லையே."

"நான் இங்கதாங்க நிக்கிறேன்" என்றாள் அவள், செருப்பை மாட்டியபடி.

"இரு இரு, கிடைச்சுடும்." அவன் கட்டைவிரல் கீறிப்போன திரையில் மேலும் கீழும் ஓடியது. கண்ணீர் சொட்டித் திரை நனைந்துபோனதால் விரல் சொன்னபடி அது கேட்கவில்லை. சட்டை ஓரத்தால் துடைத்துத் துடைத்துத் தேடினான். தலையை நிமிர்த்தவே இல்லை. "ஒரே ஒரு நிமிஷம். எங்கயும் போயிருக்காது, இதுக்குள்ளதான் இருக்கும்."

அவள் அந்த ஒரு நிமிஷத்தைக் கொடுத்தாள். அதற்கு மேலும் கொடுத்தாள். பஸ் பாலத்தில் ஏறுகிற சத்தம் தூரத்தில் கேட்டது. அவன் இன்னும் தேடிக்கொண்டிருந்தான். அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே வந்து, அவனுக்கு இடைஞ்சலாக இருக்கக்கூடாது என்று, கதவைச் சத்தம் வராமல் சாத்தினாள்.